குழந்தைகளுக்கான அவசரச் சிகிச்சை: பெற்றோரும் புதிய மருத்துவப் பணியாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடும் நோயோடும் காயத்தோடும் வரும் குழந்தைகளைக் கவனிக்கும் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். வெளியே காத்திருக்கும் பெற்றோர் கேட்பவையும், புதிதாகப் பணியில் சேரும் மருத்துவர்களும் செவிலியர்களும் கேட்பவையும் பல இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன. அதனால் இரண்டையும் பிரிக்காமல் எழுதியிருக்கிறேன். குழந்தை மோசமாக இருக்கும்போது இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பெரியவர்களுக்குத் தரும் சிகிச்சையையே அளவு குறைத்துக் குழந்தைக்குத் தந்தால் போதாதா?

போதாது. குழந்தையின் உடல் நிலைகுலையும் வழியே வேறு. பெரியவர்களுக்கு இதயம் நின்றுபோனால் பெரும்பாலும் இதயத்திலேயே கோளாறு இருக்கும். குழந்தையின் இதயம் பொதுவாக நல்ல நிலையில்தான் இருக்கும். மூச்சு தளர்ந்து ஆக்சிஜன் போதாமல் போகும், அல்லது ரத்த ஓட்டம் குறைந்துகொண்டே வரும். இவற்றின் முடிவில்தான் இதயம் நிற்கிறது. அப்படியானால் அதற்கு முன்பு நமக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோ கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தைத் தவறவிடாமல் இருப்பதற்காகத்தான் இந்தத் துறையே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான்.

உடலமைப்பையும் பாருங்கள். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம்தான். உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். அகலம் பாதியாகும்போது காற்று எதிர்கொள்ளும் தடை 16 மடங்காகிவிடுகிறது. அதே வீக்கம் 8 மில்லிமீட்டர் குழாயில் வந்தால் தடை ஏறத்தாழ 3 மடங்குதான் கூடும். பெரியவருக்கு வெறும் தொண்டைக்கட்டாக இருக்கும் சளி, கைக்குழந்தைக்கு மூச்சுத்திணறலாவது இதனால்தான். போதாக்குறைக்கு, எடைக்கு எடை பார்த்தால் குழந்தை செலவழிக்கும் ஆக்சிஜன் பெரியவரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

ரத்தமும் குறைவு. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி என்று கணக்கு. 10 கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே 800 மில்லிதான். 200 மில்லி வெளியேறினால் கால்வாசி போய்விட்டது. விலா எலும்புகள் வளைந்து கொடுப்பவை என்பதால், எலும்பு முறியாமலே உள்ளே நுரையீரல் நசுங்கியிருக்கலாம். கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. சோர்ந்து வரும் குழந்தைக்கு உடனே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அதனால்தான்.

குழந்தையைக் கொண்டுவந்ததும் மருத்துவர் தொடாமலே சில நொடிகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, ஏன்?

அந்தச் சில நொடிகளில் அவர் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுகிறார். முதலாவது, குழந்தையின் தோற்றம். கை கால்களில் வலு இருக்கிறதா, துவண்டு கிடக்கிறதா, அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதா, வெறித்துப் பார்க்கிறதா, அழுகை வலுவாக இருக்கிறதா, தூக்கினால் சமாதானம் ஆகிறதா? இரண்டாவது, மூச்சுக்காக அது படும் பாடு. மூன்றாவது, தோலின் நிறம்: வெளிறியிருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா?

அம்மாவின் மடியில் இருக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பை நீட்டியதும் குழந்தை வீறிட்டு அழத் தொடங்கிவிடும். பிறகு மூச்சு எண்ணிக்கையையும் நாடித்துடிப்பையும் நம்ப முடியாது. புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் வலியுறுத்துவது இதைத்தான்: கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு முறை பாருங்கள், அதன்பிறகு தொடுங்கள்.

மருந்தறைக்கே கேட்கும்படி கத்தும் குழந்தையைவிட, ஊசி குத்தும்போதும் முகம் சுளிக்காத குழந்தையைப் பார்த்தே நாங்கள் அதிகம் பயப்படுவோம்.

நாங்கள் முன்னால் வந்தோம். பின்னால் வந்த குழந்தையை ஏன் முதலில் உள்ளே அழைத்தார்கள்?

வந்த வரிசைப்படி அல்லாமல், ஆபத்தின் வரிசைப்படி பார்க்க வேண்டிய இடம் இது. மூச்சு அடைப்பு, அதிர்ச்சி நிலை (உடலுறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை), நினைவிழப்பு, வலிப்பு, கடும் நீரிழப்பு ஆகியவை இருந்தால் உடனே உள்ளே போய்விடும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை, கடும் வலியில் இருக்கும் குழந்தை, விஷம் உட்கொண்ட குழந்தை, பெரிய தீக்காயம் போன்றவை அடுத்து. ஆனால் காத்திருக்கும்போது உங்கள் குழந்தையின் நிலை மாறினால் உட்கார்ந்தே இருக்காதீர்கள். எழுந்து போய், "முன்பு இருந்ததைவிட இப்போது மோசமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். உங்கள் குழந்தையை மறுபடி பார்ப்பது செவிலியரின் கடமை.

ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்றார்கள். அப்படியானால் பயமில்லைதானே?

இந்த ஒரு கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

குழந்தையின் உடல் வியக்கத்தக்க அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். ரத்தமோ நீரோ குறையும்போது இதயம் வேகமாகத் துடித்தும், கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கியும், மூளைக்கும் இதயத்துக்கும் வேண்டியதை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதுவரை ரத்த அழுத்தக் கருவியில் எண் அழகாகவே தெரியும். பிறகு ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் போகும். அப்போது அழுத்தம் சரிவது படிப்படியாக இருக்காது, சட்டென்று விழும். ஒன்றிலிருந்து பத்து வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டினால் வருவது மேல் அழுத்தத்தின் தாழ்ந்த எல்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு அது 78. அதற்குக் கீழே போய்விட்டால் இதயம் நின்றுபோகும் நிலை வெகு தூரத்தில் இல்லை.

அதனால் கருவியைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்க்க வேண்டும். குழந்தையின் விரல் நுனியையோ நெஞ்செலும்பின் மேலுள்ள தோலையோ ஐந்து நொடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். மனதுக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று எண்ணியும் இன்னும் வெள்ளையாகவே இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். பாதத்திலிருந்து முழங்கால் வரை கையால் தடவிக்கொண்டே வந்தால், குளிர் எந்த இடத்தில் முடிந்து சூடு தொடங்குகிறது என்று தெரியும். பாதம் மட்டும் சில்லென்று இருந்தது, சிறிது நேரத்தில் முழங்கால் வரை சில்லிட்டுவிட்டது என்றால் நோய் முன்னேறுகிறது. அறையே குளிராக இருந்தால் இந்தச் சோதனைகள் ஏமாற்றும். அதனால் நாடித்துடிப்பு, சிறுநீரின் அளவு, தோற்றம் எல்லாவற்றையும் சேர்த்தே முடிவு செய்வோம்.

காய்ச்சல் இறங்கிய பிறகும், அழுகை ஓய்ந்த பிறகும் இதயம் வேகமாகத் துடித்துக்கொண்டே இருந்தால், அந்தக் குழந்தையைக் காரணம் தெரியாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மூச்சு வாங்குகிறதா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

சட்டையைக் கழற்றிவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைக்கு மேலாகப் பார்த்துச் சொல்வது வீண். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கைக்குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது என்பதால் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது. இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது குழந்தை படும் பாடு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலும், விலாவுக்குக் கீழேயும், கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுபடும். மூக்குத் துவாரங்கள் விரியும். கைக்குழந்தையின் தலை ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னும் பின்னும் ஆடும். மூச்சை விடும்போது 'ம்... ம்...' என்று ஒரு முனகல் கேட்டால், நுரையீரல் மூடிக்கொள்ளாமல் இருக்கக் குழந்தை போராடுகிறது என்று பொருள். அதைக் கேட்டால் தாமதிக்கவே கூடாது.

இன்னொன்று. அதுவரை இழுத்து இழுத்து மூச்சுவிட்ட குழந்தை திடீரென்று அமைதியாகி, மூச்சின் வேகமும் குறைந்தால், "பரவாயில்லை, தேவலை" என்று நினைத்துவிடுகிறார்கள். குழந்தை தெளிவாக விழித்து, பால் குடித்து, விளையாடினால்தான் தேவலை. துவண்டபடி மூச்சு மெதுவானால் அது களைத்துப்போய்விட்டது. ஆஸ்துமாவில் இழுப்புச் சத்தம் நின்றுபோய் நெஞ்சு மௌனமாவதும் இதே கதைதான். சத்தம் வரும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை.

இரவில் திடீரென்று நாய் குரைப்பதுபோல் இருமுகிறது. என்ன செய்வது?

குரல்வளை வீக்கமாக இருக்கலாம். குழந்தையை உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்துக்கொண்டு அழவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுதால் அடைப்பு கூடும். மருத்துவமனையில் வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் மருந்தை ஒரு வேளை கொடுத்தாலே பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும். அமைதியாக இருக்கும்போதும் மூச்சை இழுக்கையில் கரகரவென்று சத்தம் வந்தால் அட்ரினலினை நெபுலைசரில் (மருந்தை ஆவிபோல் உள்ளிழுக்க வைக்கும் கருவியில்) வைப்போம். எச்சில் விழுங்க முடியாமல் வழியவிட்டபடி, அதிகக் காய்ச்சலோடு, முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வாயைத் திறந்து பார்க்க யாரும் முயல வேண்டாம். படுக்கவும் வைக்காதீர்கள்.

காய்ச்சல் எவ்வளவு இருந்தால் அவசரம்?

மூன்று மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் இருந்தாலே அவசரம். வேறு எந்த அறிகுறியும் வேண்டாம். அந்த வயதில் கடும் தொற்று சத்தமில்லாமல் வரும். சில நேரம் காய்ச்சலுக்குப் பதில் உடல் குளிர்ந்தும் போகும்.

அதைவிடப் பெரிய குழந்தைகளில் எண் அவ்வளவு முக்கியமில்லை. 40 டிகிரியிலும் மருந்து கொடுத்ததும் எழுந்து விளையாடும் குழந்தையைவிட, 38.5 டிகிரியில் எதிலும் ஆர்வமில்லாமல் சுருண்டு கிடக்கும் குழந்தை எனக்குக் கவலை தருகிறது. தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றினால் கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை அவற்றின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாத புள்ளிகளோடு காய்ச்சலும் இருந்தால் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். உடனே கிளம்புங்கள். ரத்தத்தில் தொற்று பரவி அதிர்ச்சி நிலைக்குப் போன குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து போய்ச் சேர வேண்டும்.

காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. மூளை பாதிக்குமா?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. பார்ப்பவருக்கு உயிரே போனதுபோல் இருக்கும். ஆனாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும் சாதாரண வகை, குழந்தையின் அறிவையோ வளர்ச்சியையோ பாதிப்பதில்லை.

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்தை இறுக்கும் உடையைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டி, துணி, விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பை மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஊசி போட நரம்பு கிடைக்காவிட்டாலும் கன்னத்தின் உட்புறத்திலோ மூக்கிலோ மிடசோலம் என்ற வலிப்பு மருந்தைக் கொடுக்கலாம். வலிப்பு நின்ற பிறகும் குழந்தை தெளியாவிட்டாலோ, உடலின் ஒரு பக்கம் மட்டும் வெட்டினாலோ, அதே நாளில் மறுபடி வந்தாலோ வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஒரு டிரிப்ஸ் போட்டுவிட்டால் சரியாகிவிடாதா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு டிரிப்ஸ் தேவையில்லை. உப்பு சர்க்கரைக் கரைசலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு கரண்டி என்ற கணக்கில் கொடுத்தாலே போதும். தாகத்தில் ஒரே மூச்சில் குடித்தால் மொத்தமும் வெளியே வரும்; கரண்டியளவு போனது தங்கும். பொறுமையாக உட்கார்ந்து கொடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், குடிக்கவே தெம்பில்லாமல் கிடந்தால் நரம்பு வழியாகத்தான் தர வேண்டும்.

அந்தத் திரவத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிட முடியாது. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டமும் குறைந்திருந்த குழந்தைகள் அவர்கள். வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதம். வயிற்றுப்போக்கால் வறண்ட குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை, அதனால் அவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் மற்றவர்களுக்கு, ஒரு கிலோவுக்கு 10 அல்லது 20 மில்லி கொடுத்ததும் நிறுத்தி, கல்லீரல் பெரிதாகிறதா, நுரையீரலில் நீர் சேரும் ஒலி கேட்கிறதா, துடிப்பு குறைகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யும் பழக்கம் இந்த ஆய்வுக்குப் பிறகு வலுப்பட்டது.

எல்லா வாந்தியும் வயிற்றுக் கோளாறு அல்ல. பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்குச் சில மணி நேரம்தான் அவகாசம். திடீரென்று காலை மடக்கி வீறிட்டு அழுது, முகம் வெளிறி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தூங்கி, கால் மணி நேரத்தில் மறுபடி அழும் குழந்தையின் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம். மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வருவது தாமதமான அறிகுறி. அதற்காகக் காத்திருக்கக் கூடாது. சில நாட்களாகத் தண்ணீர் தண்ணீரென்று குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, மெலிந்து, இப்போது வாந்தியோடு ஆழமாக மூச்சுவிடும் குழந்தைக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம். பையன்கள் அடிவயிறு வலிக்கிறது என்று சொன்னால் உள்ளாடையைக் கழற்றிப் பாருங்கள். விரை முறுக்கிக்கொண்டால் காப்பாற்றுவதற்குச் சுமார் ஆறு மணி நேரம்தான் இருக்கிறது. வெட்கத்தால் அதைச் சொல்லாமல் வயிற்றுவலி என்று சொல்பவர்கள் அதிகம்.

குழந்தையின் எடையை ஏன் ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள்?

ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு கருவியும் எடையைப் பொறுத்தது என்பதால். எடை போட நேரமில்லாதபோது குழந்தையின் பக்கத்தில் ஒரு வண்ண நாடாவை நீட்டி அளப்போம். உயரத்தை வைத்து எடையை மதிப்பிட்டு, அந்த எடைக்கான மருந்து அளவுகளையும் குழாய் அளவுகளையும் அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். 1980-களில் அமெரிக்க அவசரச் சிகிச்சை மருத்துவர் ஜேம்ஸ் புரோஸ்லோ உருவாக்கியது அது.

இதயம் நின்றால் தரும் அட்ரினலின் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 0.1 மில்லிகிராம். பத்து மடங்கு நீர்த்த மருந்தில் அது 1 மில்லி. நீர்க்காத மருந்தில் 0.1 மில்லி. மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு தசமப்புள்ளி நகர்ந்தால் பத்து மடங்கு போய்விடும். அதனால் ஒருவர் அளவைச் சொல்ல, மருந்தை எடுப்பவர் அதையே உரக்கத் திருப்பிச் சொல்லி, சிரிஞ்சைத் தூக்கிக் காட்டி, மூன்றாமவர் சரிபார்த்த பிறகே செலுத்துகிறோம். பரபரப்பான நேரத்தில் இது மெதுவாகத் தோன்றும். அந்த நொடிகளை நான் ஒருபோதும் மிச்சம் பிடிக்க மாட்டேன்.

தலையில் அடிபட்டது. ஸ்கேன் எடுக்க மறுக்கிறார்களே?

அலட்சியத்தால் அல்ல. சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு வளரும் உடலுக்கு நல்லதல்ல. அதனால் தேவைப்படுபவர்களை மட்டும் பிரித்தறிய வேண்டும். அமெரிக்காவில் 42,412 குழந்தைகளிடம் நடந்து 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அதற்கு ஒரு வழி சொன்னது. இரண்டு வயதுக்குக் கீழ் என்றால்: நினைவுத் தெளிவு குறைவது, மண்டை எலும்பு முறிவு கையில் தட்டுப்படுவது, நெற்றியைத் தவிர மற்ற இடத்தில் வீக்கம், ஐந்து நொடியோ அதற்கு மேலோ நினைவிழப்பு, கடுமையான விபத்து, பெற்றோர் பார்வையில் குழந்தை வழக்கம்போல் இல்லாமல் இருப்பது. இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் மூளையில் கவலைக்குரிய காயம் இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. பெரிய குழந்தைகளுக்குப் பட்டியல் சற்று மாறும். வாந்தியும் கடும் தலைவலியும் அதில் சேரும்.

முதல் பட்டியலில் கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். 'என் குழந்தை இப்படி இருக்காது' என்ற தாயின் சொல், அந்த விதியில் ஓர் அளவுகோலாகவே இடம்பெற்றிருக்கிறது. புதிய மருத்துவர்கள் அதைப் பதற்றம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது!

பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமலில் சத்தம் வராமல், அழ முடியாமல், நீலம் பாய்ந்தால்: ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைத் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டுங்கள். பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஐந்து முறை அழுத்துங்கள். பெரிய குழந்தை என்றால் முதுகில் ஐந்து தட்டு, அடுத்து பின்னாலிருந்து வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவக் கூடாது. இன்னும் உள்ளே போகும்.

நினைவிழந்துவிட்டால் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் முதலுதவி) தொடங்குங்கள். குழந்தைக்கு நெஞ்சழுத்தம் மட்டும் போதாது, மூச்சும் ஊத வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுந்தும்படி அழுத்துங்கள். தனியாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு.

பொம்மையில் இருந்த பட்டன் பேட்டரியைக் காணோம். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம்.

சந்தேகம் போதும், கிளம்புங்கள். உணவுக்குழாயில் தங்கிய பேட்டரி, ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரத்தை உண்டாக்கி, இரண்டே மணி நேரத்தில் சுவரை அரித்துவிடும். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருப்பதை நம்பாதீர்கள். ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், பயணத்தைத் தாமதிக்காமல் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். அது அரிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினாலும் இதே அவசரம்தான். குடல் மடிப்புகளுக்கு நடுவே அவை ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

மருந்தையோ ரசாயனத்தையோ குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயும் அமிலமும் வெளியே வரும்போது இன்னொரு முறை கெடுதல் செய்யும். புட்டியையோ மாத்திரை அட்டையையோ கையோடு கொண்டுவாருங்கள்.

சுடுநீர் கொட்டிவிட்டது. என்ன தடவலாம்?

எதையும் தடவக் கூடாது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். சுட்டு மூன்று மணி நேரம் வரை இது பயன் தரும், அதனால் தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். குழந்தை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால் காயத்தை மட்டும் நனைத்து மற்ற இடங்களைப் போர்த்தி வையுங்கள். விரல்களோடு சேர்ந்த குழந்தையின் உள்ளங்கை அதன் உடல் பரப்பில் சுமார் ஒரு சதவீதம்; எவ்வளவு வெந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொல்ல அது உதவும்.

வலிக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்கிறார்களே?

மறையாது. வலி குறைந்த குழந்தை வயிற்றைத் தொட்டுப் பார்க்க விடும். பரிசோதனை இன்னும் தெளிவாகும். இந்தப் பழைய எண்ணத்தால் எத்தனையோ குழந்தைகள் தேவையின்றி வலியைத் தாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்குக் கோபம் தரும் விஷயம். 1980-கள் வரைகூடப் பச்சிளங்குழந்தைகளுக்கு வலி சரியாகத் தெரியாது என்று நம்பி, மிகக் குறைந்த மயக்க மருந்தோடு அறுவை சிகிச்சை செய்தார்கள். கன்வல்ஜித் ஆனந்தும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்து கொடுத்தால் அறுவைக்கு உடல் காட்டும் எதிர்வினையும் பின்விளைவுகளும் குறைகின்றன என்று காட்டியது.

இப்போது வழிகள் ஏராளம். கை ஒடிந்து வரும் குழந்தைக்கு ஊசியே இல்லாமல் மூக்கில் ஃபென்டனில் தெளிக்கலாம்; சில நிமிடங்களில் முகம் தளர்வதைப் பார்க்கலாம். எலும்பைச் சேர்க்கும்போது மயக்கமும் வலி நீக்கமும் தரும் கெட்டமின் தரலாம். ஊசி குத்தும் இடத்தில் முன்கூட்டியே மரத்துப்போகும் களிம்பு தடவலாம். கைக்குழந்தைக்கு நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விட்டாலே ரத்தம் எடுக்கும்போது அழுகை குறையும். பேசத் தெரியாத குழந்தையின் வலியை முகம், கால், அசைவு, அழுகை, சமாதானம் ஆகும் தன்மை ஆகியவற்றை வைத்து மதிப்பெண் போட்டு அளக்கிறோம். கோடீன் என்ற வலி மருந்து மட்டும் 12 வயதுக்குக் கீழ் வேண்டாம். சிலருடைய உடல் அதை மிக வேகமாக மார்பினாக மாற்றி, மூச்சையே நிறுத்திவிடும்.

நான்கு பேர் சேர்ந்து கை காலை அமுக்கிப் பிடிப்பது வலி நிவாரணம் அல்ல. அவசரமில்லாத தையலுக்கு அப்படிப் பிடிக்கச் சொன்னால், மரத்துப்போகும் மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்கலாமா என்று பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம்.

உயிர் காக்கும் முயற்சி நடக்கும்போது நாங்கள் உள்ளே இருக்கலாமா?

இருக்கலாம் என்பதே என் உறுதியான கருத்து. சர்வதேச வழிகாட்டுதல்களும் பெற்றோருக்கு அந்த வாய்ப்பைத் தரச் சொல்கின்றன. உள்ளே இருந்தவர்கள், குழந்தை பிழைக்காமல் போனாலும், செய்ய வேண்டியதெல்லாம் செய்யப்பட்டது என்பதைத் தங்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்களைச் சுவரோரம் தனியாக நிற்கவிடக் கூடாது. சிகிச்சையில் ஈடுபடாத ஒருவர் பக்கத்தில் நின்று, "இப்போது மூச்சுக்குழாய் வைக்கிறார்கள், நரம்பு கிடைக்காததால் கால் எலும்பின் வழியாக மருந்து தருகிறார்கள்" என்று எளிய சொற்களில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தையின் காலையாவது தொட இடம் தர வேண்டும். வெளியே போக நினைத்தால் அதுவும் அவர்கள் விருப்பம்.

குழந்தை இறந்துவிட்டால் 'இறந்துவிட்டது' என்ற சொல்லையே சொல்ல வேண்டும். சுற்றி வளைத்தால் பெற்றோர் இன்னும் நம்பிக்கையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயரைச் சொல்லி, உட்கார்ந்து பேசுங்கள். குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ள எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுங்கள்.

காயம் எப்படி வந்தது என்று மறுபடி மறுபடி கேட்பது எங்களைச் சந்தேகப்படுவதாலா?

எல்லாக் குடும்பங்களிடமும் கேட்கிறோம். தவழக்கூடத் தொடங்காத குழந்தையின் உடலில் கன்றிப்போன தழும்போ எலும்பு முறிவோ இருந்தால், யாராக இருந்தாலும் காரணம் தேடியாக வேண்டும். தன் வாயால் சொல்ல முடியாத ஒரு குழந்தைக்காகக் கேட்கப்படும் கேள்விகள் அவை. உங்கள் மனம் நோகும் என்று தெரிந்தும் கேட்கிறோம்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது திரும்பி வர வேண்டும்?

கிளம்புவதற்கு முன்பே இதை மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'சரியாகாவிட்டால் வாருங்கள்' என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். எந்த அறிகுறி, எத்தனை மணி நேரத்துக்குள் என்று கேளுங்கள். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காவிட்டால், எழுப்பினால் சரியாக எழாவிட்டால், மூச்சுக்கு விலா இழுத்தால், சிறுநீர் நின்றால், நிறம் மாறினால் எந்த நேரமாக இருந்தாலும் திரும்புங்கள். ஒரே இரவில் இரண்டாவது முறை வந்தவர்களை எரிச்சலோடு பார்க்கும் மருத்துவரோ செவிலியரோ இருந்தால் தவறு அவர்கள் மேல்தான். இரண்டாவது முறை வரும் குழந்தையை முதல் முறையைவிடக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதே எங்களுக்குச் சொல்லித்தரப்படும் விதி. வரும்போது முதல் முறை தந்த சீட்டையும், கடைசியாக எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைக் கைபேசியில் படம் பிடித்திருந்தால், உள்ளே நுழைந்ததும் அதை முதலில் காட்டுங்கள்.